பூச்சாண்டிக்கு வாடகை நானூறு ரூபாய்

இந்தக் குறிப்பு ஒரு வாட்ஸ்அப் செய்தியில் ஆரம்பிக்கிறது. 2025 அக்டோபர் கடைசி வாரம். தீபாவளி முறுக்கு டப்பாவின் அடியில் இன்னும் கொஞ்சம் மிச்சம். எண்ணூரில் இருக்கும் என் அக்கா ஒரு பள்ளிக்கூடச் சுற்றறிக்கையை அனுப்பியிருந்தாள். 31ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, 'ஹாலோவீன் டே'. மூன்றாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் வேஷம் போட்டு வரவேண்டும். சூனியக்காரி, ரத்தக்காட்டேரி, எலும்புக்கூடு, பூசணிக்காய், ஏதாவது ஒன்று. கடைசி வரியில், 'வீட்டிலேயே செய்த உடைகள் வரவேற்கப்படும்' என்று ஒரு சலுகை. அதற்குக் கீழே அக்காவின் குரல் பதிவு: "டேய், நீதான் திருவிழா, பேய், பிசாசுன்னு எதையாவது எழுதிக்கிட்டே கெடப்பியே. இது என்னான்னு பாத்துச் சொல்லு. செலவு எவ்ளோ ஆவும்?"

செலவு எவ்வளவு ஆகும் என்பதிலிருந்தே தொடங்குவோம். ஆராய்ச்சியில் நல்ல கேள்விகள் பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த மாறுவேட உடை வாடகைக் கடைக்குப் போனேன். ஆகஸ்டில் காந்தி, பாரதமாதா, அதைத் தொட்டாற்போல் கிருஷ்ணர், நவம்பரில் நேரு. வருஷம் பூராவும் அவர்களை வைத்தே ஓடுகிற கடை. இப்போது அந்தப் பட்டியலில் அக்டோபர் கடைசியும் சேர்ந்துவிட்டது. கடைக்காரர் கை விரித்தார். "சூனியக்காரி ஃபுல்லா போயிடுச்சு சார். எலும்புக்கூடு ஒண்ணு கீது, அதுவும் பன்னெண்டு வயசு சைஸு. வாடகை நானூறு, டெபாசிட் ஐந்நூறு. சாஸ் கறை கிறை ஆச்சுன்னா டெபாசிட் போச்சு." எட்டு வயசுப் பெண்ணைப் பன்னிரண்டு வயசு எலும்புக்கூட்டுக்குள் எப்படி நுழைப்பது? திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம்தான் 'வீட்டிலேயே செய்யலாம்' வகைக் காணொளிகளையும் கட்டுரைகளையும் வரிசையாகப் பார்க்க உட்கார்ந்தேன். இரண்டு ராத்திரி. தமிழில் பேசுபவை, ஆங்கிலத்தில் பேசுபவை, பேசாமல் பின்னணி இசையோடு கைகள் மட்டும் வேலை செய்பவை. இந்தக் கட்டுரை முதலில் அவற்றைப் பற்றிய விமர்சனம்தான். இதுவும் ஒரு எழுத்து வகை. வெண்பா மாதிரி இதற்கும் இலக்கணம் இருக்கிறது.

முதல் இலக்கணம்: எல்லாம் 'வீட்டில் கிடைக்கும் பொருள்' என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன கையோடு சூடான பசைத் துப்பாக்கி, கறுப்பு சார்ட் அட்டை, மின்கல மெழுகுவர்த்தி, பஞ்சு ஒட்டடை, ஒரு சுருள் கழிப்பறைத் தாள் என்று எடுத்து வைக்க வேண்டும். கழிப்பறைத் தாளைக் குழந்தை மேல் சுற்றினால் 'மம்மி' தயார். எண்ணூரில் எத்தனை வீட்டில் கழிப்பறைத் தாள் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மளிகைக் கடையில் கேட்டால் அண்ணாச்சி நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். பஞ்சு ஒட்டடை இன்னும் வேடிக்கை. நிஜ ஒட்டடையை தீபாவளிக்கு முன்னால்தான் முக்காலி போட்டு ஏறி அடித்துத் தள்ளியிருக்கிறோம். பத்து நாள் கழித்து அதையே காசு கொடுத்து வாங்கி மாட்ட வேண்டும்.

இரண்டாவது இலக்கணம் இன்னும் நுட்பமானது. இந்தக் காணொளிகளில் வரும் 'வீடு' எது? முன்னால் படிக்கட்டு, படிக்கட்டில் பூசணிகள், மூடிய கதவு. குழந்தை போய்த் தட்டும். கதவு திறக்கும். மிட்டாய் வரும். வாரியக் குடியிருப்பிலோ குப்பத்துச் சந்திலோ இதை நடத்திக் காட்டுங்கள் பார்ப்போம். கதவு மூடியே இருக்காதே, எதைத் தட்டுவது? வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கும் பாட்டி, "யாருடீ அது, கீழ்வீட்டுப் பொண்ணா? இன்னாத்துக்கு மூஞ்சில கரி?" என்று பத்தடி தூரத்திலேயே முகமூடியைக் கழற்றிவிடுவாள். அந்நியர் கதவு என்ற சிறு அச்சம் இந்த விளையாட்டின் உயிர். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சந்தில் அந்த உயிர் வேறு எங்காவதுதான் இருக்க முடியும்.

மூன்றாவது, பருவம். அவர்களுக்கு அது இலையுதிர் காலம். காய்ந்த இலை, காய்ந்த காற்று. நமக்கு வடகிழக்குப் பருவமழை. காகித விளக்கு செய்து வாசலில் மாட்டினால் பத்து நிமிஷத்தில் கூழ். இதைப் பற்றி ஒரு தமிழ்க் காணொளியாவது ஒரு வார்த்தை சொல்லும் என்று பார்த்தேன். நான் பார்த்தவரை இல்லை. மொழி மட்டும் தமிழாகியிருக்கிறது. வானம் அங்கேயே நின்றுவிட்டது.

இந்த இடத்தில் சிலர் தலையாட்டி, "அதான், அந்நியப் பண்பாடு நமக்கு எதுக்கு?" என்பார்கள். அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. ஹாலோவீன் பூசணியை நாம் சென்னையில் என்ன பெயரில் வாங்குகிறோம்? பரங்கிக்காய். பரங்கி என்றால் யார் என்று பரங்கிமலையைக் கேட்டால் சொல்லும். அமெரிக்கக் கண்டத்தில் விளைந்து, கடல் கடந்து வந்து, பெயரிலேயே வந்த வழியைச் சுமந்துகொண்டு நம் சாம்பாரில் கிடக்கிறது. சரி, நம்முடையது என்று நாம் சத்தியம் செய்யும் திருஷ்டிக் கயிறு? எலுமிச்சைக்குக் கீழே கோத்திருக்கும் பச்சை மிளகாயும் அதே கண்டத்துச் சரக்குதான். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் முன்னால் ஆடிக்கொண்டிருப்பதில் பாதி அமெரிக்கா. எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க உட்கார்ந்தால் சாயங்காலச் சாப்பாடு கிடைக்காது.

அதைவிட முக்கியமான ஒன்று. ஹாலோவீன் என்ற சொல்லே 'புனிதர் அனைவர் திருநாளுக்கு முந்திய மாலை' என்பதன் சுருக்கம். அக்டோபர் 31 மாலை அது. நவம்பர் 1 புனிதர் அனைவர் நாள். நவம்பர் 2 இறந்தோர் நினைவு நாள், நம் ஊர்ப் பேச்சில் கல்லறைத் திருநாள். மூன்றும் ஒரே தொடர். இராயப்பர், அதாவது பேதுரு, பெயரால் வந்தது என்று சொல்லப்படும் இராயபுரத்தில் அந்தத் தொடரின் மூன்றாம் நாள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடப்படுகிறது. காசிமேடு கல்லறைத் தோட்டத்துக்கு அன்று போய்ப் பாருங்கள். ஒரு வாரம் முன்னாலிருந்தே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பெயர் எழுத்துகளுக்குப் புதுசாகக் கறுப்பு மை தீட்டியிருப்பார்கள். சாமந்தி, சம்பங்கி, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி. கல்லறை மேல் ஏறி விளையாடும் பிள்ளைகளை யாரும் பெரிதாக அதட்டமாட்டார்கள். "தாத்தா மேல ஏறாத, இறங்கு" என்று ஒரு குரல் வரும், அவ்வளவுதான். ஆக, ஹாலோவீன் வடசென்னைக்குப் புதுசாக வந்த விருந்தாளி என்பது தப்பு. அதன் தம்பி இங்கே எத்தனையோ தலைமுறையாகக் குடியிருக்கிறான். இப்போது வந்திருப்பது அண்ணன், கடை வழியாக.

கதவு கதவாகப் போய்க் கேட்கும் வழக்கத்தையும் பார்ப்போம். ஐரோப்பாவின் பழைய வழக்கத்தில், இறந்தவர்களின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லி ஏழைகளும் பிள்ளைகளும் வீடு வீடாகப் போவார்கள். வீட்டார் சின்ன ரொட்டி கொடுப்பார்கள். ஸ்காட்லாந்தில் வேஷம் போட்ட பிள்ளை ஒரு பாட்டோ ஜோக்கோ சொன்னால்தான் தின்பண்டம். சும்மா கையை நீட்ட முடியாது.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது புரட்டாசி சனிக்கிழமை. தொண்ணூறுகளின் ஆரம்பம். நெற்றியில் நாமம். பளபளவென்று புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் சொம்பு, அதற்கும் நாமம், கழுத்தில் துளசி. நாலைந்து பையன்கள் சேர்ந்து 'கோவிந்தா, கோவிந்தா' என்று கத்திக்கொண்டு தெருத் தெருவாகப் போவோம். சொம்பில் அரிசி விழும். சில வீட்டில் சில்லறை. சத்தம் பத்தாவிட்டால், "என்னடா, காலைல சாப்பிடலையா? சத்தமா சொல்லுங்கடா" என்பார்கள். அதுதான் எங்கள் ஸ்காட்லாந்து. எங்கள் கூட்டத்தில் பக்கத்துத் தெரு மாதா கோயில் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். குரல் அவனுக்குத்தான் பெரிசு என்பதால் நாமம் போட்டு முன்னால் நிறுத்திவிடுவோம். டிசம்பரில் கணக்கு நேராகிவிடும். இராயபுரம் பக்கம் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டு, பிளாஸ்டிக் முகமூடிக்குள் வேர்த்து ஊற்ற, டிரம் செட்டோடு ஆடிக்கொண்டு வருவார்களே, அந்தக் கூட்டத்தின் வாலாக நாங்கள் ஓடுவோம். முகமூடி, சத்தம், வாசல், மிட்டாய். நாள்தான் வேறு.

ஆனால் இதை ஒரேயடியாக இனிப்பாக்கிவிடவும் கூடாது. எல்லாப் பையன்களும் எல்லாத் தெருவுக்கும் போய்விடவில்லை. எந்தத் தெருவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. எங்கள் கூட்டத்தில் பெண் பிள்ளை ஒருத்திகூட இருந்ததில்லை. அக்காவுக்கு ஆசை இருந்தது என்பதே இந்தக் கட்டுரைக்காகப் பேசும்போதுதான் எனக்குத் தெரிந்தது. "நீங்க போவீங்க, நான் அரிசி போடுவேன்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இந்தக் காலத்தில் புரட்டாசிக் கூட்டம் எங்கள் பக்கம் குறைந்துவிட்டது. ஏன் என்று நாலு அம்மாக்களிடம் கேட்டேன். நாலு பேரும் கிட்டத்தட்ட ஒரே பதில்: "வீடு வீடா போய் அரிசி வாங்கறது பிச்சை எடுக்கற மாதிரி இருக்கு." அதே அம்மாக்கள் அடுக்குமாடியில் பிளாஸ்டிக் பூசணி வாளியோடு மிட்டாய் வாங்க அனுப்புகிறார்கள். சொம்பில் விழுந்தால் பிச்சை, வாளியில் விழுந்தால் ஆக்டிவிட்டி. என் புகார் இதில்தான் இருக்கிறது. வெள்ளைக்காரன் பண்டிகை என்பது எனக்குப் பிரச்சினை இல்லை. கேட்டு வாங்கும் குழந்தையின் கூச்சத்தைப் போக்கியது எது? பண்டிகையா, வாளியின் விலையா?

பூசணிக்கு வருவோம். ஆயுத பூஜை அன்று சாயங்காலம் மணலியிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் ஒரு சுற்று போனால் தெரியும். ஒவ்வொரு பட்டறை, லாரி செட், எடைமேடை வாசலிலும் சிவப்பாகச் சிதறிக் கிடக்கும். வெண்பூசணியில் ஓட்டை போட்டு, குங்குமமும் சில்லறையும் திணித்து, மேலே கற்பூரம் ஏற்றிச் சுற்றி, நடுத்தெருவில் போட்டு உடைப்பது. (டூ வீலர்காரர்கள் கவனம். ஒரு வருஷம் நானே சறுக்கி விழுந்து முட்டி பேர்த்துக்கொண்டிருக்கிறேன்.) சில்லறை பொறுக்கப் பிள்ளைகள் தயாராக நிற்கும். கட்டி முடிக்காத வீட்டின் முன்னால் மீசையும் கோரைப்பல்லும் தொங்கும் நாக்குமாக அரக்க முகம் எழுதித் தொங்கவிடும் பூசணி வேறு. அயர்லாந்தில் ஆரம்பத்தில் டர்னிப் என்ற கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி உள்ளே விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன இடத்தில் பெரிசாக, மெதுவாகக் குடையக் கிடைத்தது பரங்கி. எதற்காக முகம்? கெட்டதை விரட்ட. அதே வேலை, அதே காய்க் குடும்பம். ஒருவர் உள்ளே நெருப்பு வைத்தார், மற்றவர் மேலே வைத்து உடைத்தார்.

இதையெல்லாம் சொல்லித்தரும் ஒரு 'வீட்டிலேயே செய்யலாம்' காணொளி இருந்தால் நான் முதல் ஆளாகப் பார்ப்பேன். இல்லை.

ஆனால் இந்த வகை எழுத்தில் எனக்கு உள்ளபடியே உறுத்துவது கழிப்பறைத் தாளும் இல்லை, பஞ்சு ஒட்டடையும் இல்லை. அவை பயத்தைக் கையாளும் விதம். எல்லாக் காணொளியும் ஒரே சமாதானம் சொல்லும்: ரொம்பப் பயமுறுத்த வேண்டாம், அழகான பேய், சிரிக்கும் பேய், குழந்தைக்கு ஏற்ற பேய். பேயின் பல்லைப் பிடுங்கிவிட்டுக் கையில் கொடுக்கிறார்கள்.

தமிழ்ப் பேய்க்குப் பல் உண்டு, பசியும் உண்டு. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கின்றன. யாருக்கு எவ்வளவு என்று பங்கு போட்டு, அடித்துக்கொண்டு, ஊற்றிக் குடிக்கின்றன. படிக்கிறவர்களுக்குக் குமட்டும், அதே சமயம் சிரிப்பும் வரும். காரைக்கால் அம்மையார் பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். சினிமாவில் 2011இல் வந்த 'காஞ்சனா'வில் ராகவா லாரன்ஸ் பேய்க்குப் பயந்து அம்மாவின் இடுப்பில் தாவி ஏறும்போது தியேட்டரில் குழந்தைகள் உருண்டு சிரித்தன. பயமும் சிரிப்பும் ஒரே தட்டில் வைக்கப்பட்டிருந்த மரபு இது.

மாசி மாதம், மகா சிவராத்திரிக்கு மறுநாள் அமாவாசையில் நடக்கும் மயானக் கொள்ளையை வடசென்னை அங்காளம்மன் கோயில்களில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நீல முகம், சிவப்பு நாக்கு, பின்னால் காகிதத்தில் செய்த எத்தனையோ கைகள் என்று காளி வேஷம் கட்டி ஆடிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போவார்கள். சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலத்தை, உணவைச் சூறைவிட்டு அம்மன் இறக்கிய கதை. அதனால் சுடுகாட்டில் சுண்டல், கொழுக்கட்டை, காய்கறி, தானியம், காசு எல்லாம் இறைப்பார்கள். கூட்டம் முண்டியடித்துப் பொறுக்கும். அந்த வேஷங்கள் பெரும்பாலும் வீட்டில் செய்தவைதான்: அட்டை, ஜிகினாத் தாள், பழைய புடவை, அரிதாரம். இடுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தை முதலில் வீறிட்டு அழும். அப்புறம் அதே காளி கையிலிருந்து கொழுக்கட்டை வாங்கித் தின்னும். அழுததும் தின்றதும் இரண்டும் நிஜம். சுடுகாடு என்பது நடந்து போய்த் திரும்பி வரக்கூடிய ஓர் இடம் என்று அதற்கு அன்றைக்குத் தெரிந்துபோகிறது.

இந்த இடத்தில் எண்ணூரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

2023 டிசம்பர் ஆரம்பத்தில் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் பரவியது. வீடுகளுக்குள் வந்த தண்ணீர் வடிந்தபோது சுவரில் கறுப்புக் கோடு நின்றது. மீனவர்கள் மக்கையும் வாளியையும் வைத்து எண்ணெயை வழித்தார்கள். கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் நின்ற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த மாதம் முடிவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரம், பெரியகுப்பம் பக்கம் ஓர் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. சுனாமி வந்து சரியாகப் பத்தொன்பது வருஷம் ஆன நாள். மூச்சு முட்டி எழுந்த ஜனம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அக்கா ஈரத் துண்டால் பெண்ணின் முகத்தைக் கட்டி, கிடைத்த ஆட்டோவில் ஏறி, ராத்திரி ஒன்றரை மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். அப்போது அந்தக் குழந்தைக்கு ஆறு வயசு. என் வாழ்க்கையில் நள்ளிரவில் முகம் மூடி வந்து கதவைத் தட்டிய ஒரே குழந்தை அவள்தான்.

ஊதா நிற அட்டையில் சிரிக்கும் பேயை வெட்டி ஒட்டச் சொல்லும் காணொளியை இந்தக் குழந்தையோடு சேர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். அவள் கொட்டாவி விட்டாள்.

"உனக்கு என்ன பேய் வேணும்?" என்றேன்.

"வாசனைப் பேய்."

"அப்படின்னா?"

"அது கண்ணுக்குத் தெரியாது மாமா. மூக்கு வழியா வரும்."

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எதுவும் பேசவில்லை.

செய்தோம். காசிமேட்டில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் உடைந்த தெர்மகோல் மீன் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன், சும்மாதான் கொடுத்தார். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தும் வஞ்சிர வாசனை போகவில்லை. "போகவேணாம், இருக்கட்டும்," என்றாள் அவள், பேயின் பெயருக்குப் பொருத்தமாக. பெட்டியின் மேல் அட்டையைச் சுருட்டிப் புகைபோக்கி. எண்ணூரில் வளரும் குழந்தைக்குப் புகைபோக்கி வரையச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவப்பு வெள்ளைப் பட்டை எத்தனை, எவ்வளவு இடைவெளி என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். புகைக்குக் கிழிந்த நைலான் வலையைக் கொத்தாகக் கட்டி அதில் பழைய தலையணைப் பஞ்சைப் பிய்த்துச் செருகினோம். இந்த ஒரு விஷயத்தில் காணொளிக்காரர்களுக்கு என் சிபாரிசு: ஒட்டடைக்குக் கிழிந்த மீன் வலையை விடச் சிறந்த பொருள் உலகத்தில் இல்லை. காசு இல்லை, மழையில் கரையாது, விரும்பிய அளவுக்கு இழுத்துக் கட்டலாம். பசைத் துப்பாக்கி இல்லை. மைதாப் பசையும் ஈர்க்குச்சியும்தான். தெர்மகோலில் எனாமல் பெயின்ட் அடித்தால் உருகி ஓட்டை விழும் என்பதை அடித்த பிறகு கற்றுக்கொண்டோம். கன்னத்தில் விழுந்த அந்த ஓட்டை பார்க்க நன்றாகவே இருந்தது. அப்படியே விட்டுவிட்டோம்.

கண்ணுக்கு ஓட்டை வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். "கண்ணு இல்லாம எப்படிடீ நடப்ப?" என்று அக்கா கத்தினாள். "பேய்க்குக் கண்ணு இல்ல, எல்லார் வீட்டுக்குள்ளயும் அதுவா வரும்." கடைசியில் புகைபோக்கியின் சிவப்புப் பட்டைக்கு நடுவில், வெளியே தெரியாத மாதிரி இரண்டு கீறல் போட்டுச் சமாதானம் ஆனோம். மொத்தச் செலவு, பெயின்ட்டும் மைதாவும் சேர்த்து, நூற்றுப்பத்து ரூபாய். இரண்டு சாயங்காலம். அந்த இரண்டு சாயங்காலமும் அவள் அந்த ராத்திரியைப் பற்றி, இதுவரை எங்களிடம் சொல்லாததையெல்லாம், பஞ்சு பிய்த்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருந்த தாத்தா செருப்பு இல்லாமல் வந்தார் என்பது உட்பட. கீழ்வீட்டு நாயைக் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று அழுதேன், யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னாள். எங்களுக்கு அது ஞாபகமே இல்லை.

ஒரு குழந்தையின் பயத்தை எடுத்துக் கட்டுரைக்குத் தீனியாக்குகிறேனோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "பேய் நான் செஞ்சதுன்னு போடணும்," என்றாள். போட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் பரிசு ஒரு வாடகை ரத்தக்காட்டேரிக்கு. மேலங்கி நிஜமாகவே நன்றாக இருந்ததாம். "நீ என்ன?" என்று மிஸ் கேட்டார்களாம். "ஸ்மெல்," என்றிருக்கிறாள். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள், மீன் பெட்டியாயிற்றே. அவளும் சேர்ந்து சிரித்தாளாம். அதற்கப்புறம் இடைவேளையில் அந்தத் தலையை மாட்டிக்கொள்ள வரிசை நின்றது என்கிறாள். அவள் வகுப்பில் பாதிப் பேர் அதே கடலோரப் பிள்ளைகள். தலையை மாட்டியவர் துரத்த வேண்டும், மற்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு ஓட வேண்டும், மூச்சு விட்டவர் அவுட். விதிகளை யார் போட்டது என்று கேட்டேன். "யாரும் போடல, அப்படித்தான் விளையாடணும்," என்றாள்.

அந்த ஆட்டத்தை எந்தக் காணொளியும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. சுற்றறிக்கையிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 2, காசிமேடு கல்லறைத் தோட்டத்துக்குப் பழைய கோவிந்தா கூட்டாளியோடு போயிருந்தேன், அவன் அப்பாவின் கல்லறைக்கு. மெழுகுவர்த்தி நிற்காமல் அணைந்துகொண்டே இருந்தது. பக்கத்துக் கல்லறைக் குடும்பத்துப் பையன் பாதி கொட்டாங்குச்சியை எடுத்து வந்து காற்றுக்கு மறைவாக வைத்தான். நின்றது. வரும் வழியில் அக்கா வீட்டில் இறங்கினேன். வாசப்படிக்கு மேலே, எலுமிச்சை மிளகாய்க் கயிற்றுக்குப் பக்கத்தில், அந்தத் தெர்மகோல் தலையை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தாள். புகைபோக்கி தெருவைப் பார்த்தபடி இருந்தது. மழையில் அட்டை கொஞ்சம் ஊறியிருந்தது.

"திருஷ்டிக்குடா," என்றாள். "அந்தப் பக்கத்துலேர்ந்துதானே வருது."